அந்த வரியில் அம்மா எங்கே

பிள்ளைகளே, நான் ஆங்கிலம் கற்பிக்கிறவன் அல்ல. சாதாரண தரம் வரை படித்தவன். அதிலும் கணக்கில் ஒரு தடவை தவறி, மறுபடி எழுதித் தேறியவன். இப்போது நெல் குற்றும் ஆலையில் மெசின் பார்க்கிறேன். ஆகவே இதில் ஏதாவது பிழை கண்டால் உங்கள் ரீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் இதைப் பார்த்தால், "இவனும் எழுத வந்திட்டானா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கும் என்னைப்போல் தலை நரைத்துவிட்டது. இந்தக் கதையில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

எழுத வந்த காரணம் என் மகளின் போன். போன கிழமை அவள் தன் சிநேகிதிக்கு ஆங்கிலத்தில் ஏதோ அனுப்பிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். dont என்று இருந்தது. n என்ற எழுத்துக்கும் t என்ற எழுத்துக்கும் நடுவில், மேலே தொங்கவேண்டிய அந்தச் சின்னக் குறி இல்லை.

"மகள், லேஞ்சி எங்க?" என்றேன்.

"என்ன லேஞ்சி?"

"எழுத்து இறங்கிப்போன இடத்தில போடுற லேஞ்சி."

"அதெல்லாம் போனே போடும் அப்பா. போடாட்டியும் எல்லாருக்கும் விளங்கும்."

விளங்கும்தான். ஆனால் அந்தக் குறியைச் சரியான இடத்தில் போடப் பழகிய ஒரு கச்சான் காற்றுக் காலம் எனக்கு நினைவு வந்துவிட்டது. அந்தக் குறியைச் சரியாகப் போட்டும் நான் பிழையாக எழுதிய கதை அது. பிறகு அதைத் திருத்திய கதையும் அதுதான்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால் வயல் நடுவில் இருக்கிறது. சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு வருடம். எனக்குப் பன்னிரண்டு வயது. அறுவடை முடிந்து வயல்வட்டை முழுவதும் வெறும் தாள் கட்டையாகக் கிடந்தது. கச்சான் காற்று மேற்கிலிருந்து சுடச்சுட வீசும். பள்ளிக்கூடத்துக்கு அரைச்சுவர்தான். காற்றோடு வைக்கோல் தும்பும் புழுதியும் வகுப்புக்குள் வந்து, எழுதிக்கொண்டிருக்கும் கொப்பியில் ஒட்டும். கொப்பியை மூடும்போது நறநறவென்று சத்தம் வரும்.

அந்த வருடம்தான் எங்களுக்கு ஆங்கிலத்துக்கு ஒரு ரீச்சர் வந்தார். அதற்கு முன்னே மூன்று வருடமாக ஆங்கிலப் பாட நேரத்தில் நாங்கள் பந்தடித்தோம். ரீச்சர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். ஒரு கறுப்புக் குடையும், மரத்தூளுக்குள் அடுக்கிய நிற வெண்கட்டிப் பெட்டியும் கொண்டு வந்தார். வெள்ளையைத் தவிர வேறு நிறத்தில் வெண்கட்டி உண்டென்று அன்றுதான் கண்டோம். அவர் எழுதி முடித்ததும் கீழே விழுந்த சிவப்புத் துண்டுகளைப் பொறுக்குவதற்கு அடிபடுவோம். என்னிடம் நகத்தளவு துண்டு ஒன்று வெகுநாள் இருந்தது. பிறகு களிசான் பையோடு துவைத்துக் கரைந்துவிட்டது.

ரீச்சர் ஒரு சட்டம் போட்டார். ஆங்கிலப் பாடத்தில் தமிழ் பேசக் கூடாது. பேசினால் மணி அடிக்கும் வரை எழுந்து நிற்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் முழுவதும் வகுப்பில் மூச்சுச் சத்தம்தான். எங்கள் வகுப்பு இவ்வளவு அமைதியாக இருந்ததை அதிபர் அதற்கு முன் கண்டதில்லை. படிப்பு மிக நன்றாக நடக்கிறது என்று நினைத்து, வாசலில் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

ஒருநாள் ரீச்சர் கரும்பலகையில் is not என்று எழுதினார். பக்கத்தில் isn't என்று எழுதி, அந்தக் குறியை மட்டும் சிவப்பில் போட்டார். அதற்கு அப்பொஸ்ரொபி என்று பெயர். பெயர் வாயில் நுழைந்தது. குறி கையில் நுழையவில்லை. சிலர் n எழுத்துக்கு முன்னால் போட்டார்கள். சிலர் கடைசியில் போட்டார்கள். நான் n எழுத்தின் உச்சியில், எந்தப் பக்கம் என்று தெரியாதபடி மெல்லிசாக ஒரு கோடு இழுத்துவிட்டு, ரீச்சர் விரும்பின பக்கம் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். ரீச்சர் எப்போதும் பிழையான பக்கமாகவே எடுத்தார்.

எனக்கு அதை விளங்கவைத்தவள் என் மச்சாள். அம்மாவின் அண்ணன் மகள். என் வகுப்புத்தான், முன்வாங்கு. வாய் சரியான நீளம். இடைவேளையில் கொய்யா மரத்துக்குக் கீழே என் கொப்பியைப் பறித்துப் பார்த்தாள்.

"இதென்ன மச்சான், எறும்பு செத்துக் கிடக்கா?"

"அது அப்பொஸ்ரொபி."

"அது ஏன் இஞ்ச கிடக்கு? சொல்லு பாப்பம். நீ தூரத்துக்குப் பஸ்ஸில போயிரிக்காய்தானே? தேத்தண்ணிக்கு நிப்பாட்டினா, இறங்கிப் போறாக்கள் சீற்றில என்னத்தப் போட்டுட்டுப் போற?"

"லேஞ்சி," என்றேன். கைக்குட்டையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

"ஏன்?"

"வேற ஆரும் இரிக்காம."

"அதுதான் இது. is உம் not உம் ஒரு சீற்றில நெருங்கி இரிக்கக்குள்ள, இடம் காணாம o இறங்கிப் போகுது. போகக்குள்ள லேஞ்சியப் போட்டுட்டுப் போகுது. o எங்க இரிந்த? n க்கும் t க்கும் நடுவில. அங்க போடு. நீ s பக்கம் சாய்ச்சுப் போட்டிரிக்காய். அங்க ஆர் இறங்கின? இறங்காத ஆளுக்கு லேஞ்சி போட்டா, அவர் வந்து உன்ட தலையிலயா இரிக்கிற?"

அன்றிலிருந்து எங்கள் வகுப்பு முழுவதும் அதற்கு லேஞ்சி என்றுதான் பெயர். do not எழுதினாலும் சரி, I am எழுதினாலும் சரி, இறங்கிப்போன எழுத்து எதுவென்று பார்ப்போம். அது இருந்த இடத்தில் லேஞ்சியைப் போடுவோம். அதற்குப் பிறகு அந்தப் பிழை எனக்கு வரவில்லை. நீங்களும் அப்படியே செய்து பாருங்கள்.

அடுத்த கிழமை அதே குறி வேறு வேலைக்கு வந்தது. ஒருவருடைய பொருள் என்று சொல்ல, அவர் பெயருக்குப் பின்னால் குறியும் s எழுத்தும். "இதில ஒருத்தரும் இறங்கல்லயே?" என்று நான் மச்சாளிடம் கேட்டேன்.

"இது லேஞ்சி இல்ல. இது மாட்டுக்குறி," என்றாள்.

எங்கள் பக்கத்தில் மாட்டின் தொடையில் குறி சுடுவார்கள். காட்டுக்குள் எத்தனை பட்டி மாடு கலந்து மேய்ந்தாலும், குறியைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம். அதுபோலத்தான் இதுவும். "ஆனா ஆள் ஒண்டோ, கனபேரோ எண்டு முதல்ல பாக்கணும். ஒரு அக்கா எண்டா sister எழுதிக் குறி, பிறகு s. ரெண்டு அக்கா எண்டா முதல்ல sisters எண்டு முழுசா எழுது. அதுக்குப் பிறகுதான் குறி. ஆளப் பாக்காமச் சுட்டா மாடு வேற ஆளுக்குப் போயிரும்." its என்ற சொல்லுக்கு மட்டும் உடைமையைச் சொல்லக் குறி கிடையாது. அதில் குறி கண்டால் அது லேஞ்சி, ஓர் எழுத்து இறங்கிப் போயிருக்கிறது.

இந்த மச்சாளைப் பற்றி ஒன்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் இதை எழுதிக்கொண்டிருப்பது அவளுடைய வீட்டு விறாந்தையில் இருந்து. பன்னிரண்டு வயதில் அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் பயந்து நடந்திருப்பேன்.

இனித்தான் விசயம். ஒரு செவ்வாய்க்கிழமை ரீச்சர் எங்களை ஒவ்வொருவராக எழுப்பி, இது யாருடைய வீடு என்று சொல்ல வைத்தார். எங்கள் வீட்டை மனதில் நினைத்து ஒரு வசனம்; சொன்னதைக் கொப்பியிலும் எழுதவேண்டும். மச்சாள் முதலில் எழுந்தாள்.

"This is my mother's house."

ரீச்சர் கொஞ்சம் பொறுத்து, அடுத்த பிள்ளையைப் பார்த்தார். அடுத்த பிள்ளையும் அம்மாவின் வீடு என்றது. அதற்கடுத்ததும் அம்மாவின் வீடு. பின்வாங்கு வரை முப்பது பேரும் அதையே சொன்னோம். ஒரு பெடியன் மட்டும் அக்காவின் வீடு என்றான். அவன் அக்காவுக்குப் போன மாதம்தான் கல்யாணம் நடந்தது.

எங்கள் பகுதி வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களிடத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. தாய்க்கு அவள் தாய் கொடுத்த வீடு, மூத்த மகளின் கல்யாணத்தோடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். இது சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் செய்வதல்ல. காற்று மேற்கிலிருந்து வருவதுபோல எங்களுக்கு அது இருந்தபடி இருந்தது.

ரீச்சருக்கு அது தெரியாது. முதல் பிள்ளை சொன்ன பிழையை மற்றவர்கள் கிளிப்பிள்ளைபோலச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அவருடைய முகம் சிவந்துவிட்டது. கரும்பலகையில் பெரிதாக This is my father's house என்று எழுதினார். எங்கள் கொப்பிகளை வாங்கி, mother's என்றும் sister's என்றும் இருந்த இடமெல்லாம் சிவப்புப் பேனையால் வெட்டினார். எல்லோரும் திருத்தி ஐம்பது தடவை எழுதிவர வேண்டும் என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். தமிழில் சொன்னால் எழுந்து நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் சொல்ல எங்களிடம் சொல் இல்லை. என் கொப்பியைப் பார்த்தேன். குறி சரியான இடத்தில்தான் இருந்தது. சிவப்புக் கோடு அதற்கும் மேலால் போயிருந்தது.

பின்னேரம் கிணற்றடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். அப்பா மாடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுக் கால் கழுவ வந்தார்.

"என்ன மனே, ஒரே வரியக் கீழ கீழ எழுதுறாய்?"

"இது என்ட அப்பாட வீடு எண்டு எழுதுறன்."

அப்பாவின் கையில் இருந்த வாளி அப்படியே நின்றது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். "அடேய், மெதுவாச் சொல்லு. உங்கட அம்மா கேட்டா இண்டைக்கு நான் பட்டியிலதான் படுக்கணும். நான் இந்த வளவுக்குள்ள வரக்குள்ள கொண்டு வந்தது ஒரு துவாயும் ஒரு மண்வெட்டியும். வேணுமெண்டா அந்த மண்வெட்டிய அப்பாட எண்டு எழுது."

அம்மா குசினி வாசலில் இருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. எல்லாம் கேட்டுவிட்டது. எழுந்து வந்து கொப்பியைக் குனிந்து பார்த்தா. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவ. ஆங்கிலம் ஓரெழுத்தும் தெரியாது.

"இதில நான் எங்க இரிக்கன்?"

"நீங்க இதில இல்லம்மா."

"எத்தினை தரம் எழுதணும்?"

"அம்பது."

"என்ட வீட்டப் பத்தி அம்பது தரம் எழுதுறாய். ஒரு தரத்திலயும் நான் இல்லயா?"

"ரீச்சர் அப்பிடித்தான் எழுதச் சொன்ன."

அம்மா கோபப்படவில்லை. "சொன்னா எழுது மனே. படிப்பிக்கிற ஆக்கள்," என்று சொல்லிவிட்டுப் போய்ச் சுளகை எடுத்தா. அதற்குப் பிறகு அரிசி புடைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. நான் ஐம்பது தடவையும் எழுதி முடித்தேன்.

அந்த மாதக் கடைசியில் மட்டக்களப்பில் ஆங்கில தினப் போட்டி. எங்கள் பாடசாலையிலிருந்து அதுவரை யாரும் போனதில்லை. ஏழாம் வகுப்பில் ஒருவர் போகலாம். மேடையில் கரும்பலகை இருக்கும். 'என் வீடு' என்ற தலைப்பில் ஆறு வசனம் எழுதவேண்டும். லேஞ்சியும் வேண்டும், மாட்டுக்குறியும் வேண்டும். எழுதியதை வாசித்து, நடுவர்கள் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லவேண்டும்.

எனக்குப் போக ஆசை. சும்மா ஆசை இல்லை. நான் அதுவரை எதிலும் முதலாவதாக வந்ததில்லை. ஓட்டத்தில் மூன்றாவதாகக்கூட வந்ததில்லை. கூப்பிட்டுப் பரிசு கொடுக்கும்போது கைதட்டுகிற கூட்டத்தில்தான் நான் எப்போதும் நின்றிருக்கிறேன்.

ரீச்சர் வகுப்பில் ஒரு சோதனை வைத்தார். மச்சாள் ஆறு வசனமும் ஒரு குறி பிசகாமல் எழுதினாள். முதல் வசனத்தில் மட்டும் மறுபடியும் mother's என்று எழுதியிருந்தாள். வெட்டியதும் தெரியும், ஐம்பது தடவை எழுதியதும் தெரியும், தெரிந்துகொண்டே எழுதினாள். நான் ரீச்சர் எழுதச் சொன்னபடி father's என்று எழுதினேன். ரீச்சர் என்னைத் தெரிவு செய்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மச்சாள் வரம்பில் முன்னுக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"லேஞ்சிய நல்லா, சரியான சீற்றில போட்டிரிக்காய் மச்சான்."

"ம்."

"ஆனா ஏறின பஸ் பிழை."

நான் வரம்பில் கிடந்த மண்கட்டியை உதைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

போட்டிக்கு ஒரு பெற்றார் கூட வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "என்னக் கூப்பிடாதங்க. இது அப்பாட வீடு எண்டு இவன் மேடையில சொல்லக்குள்ள எனக்குச் சிரிப்பு வந்திரும். பிறகு பரிசும் போயிரும்." அதனால் அம்மா வந்தா. பச்சைக் கரை வைத்த கூறைச் சேலையைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து உடுத்தினா. அதில் கற்பூர உருண்டை மணந்தது.

அப்போது வாவிக்கு மேலால் பாலம் இல்லை. மண்முனைத் துறையில் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போவோம். பாதை என்றால் தட்டையான பெரிய மிதவை. ஆட்கள், சைக்கிள், சில வேளை ஒரு மாட்டு வண்டி எல்லாம் அதில் ஏறும். ரீச்சர் முன் பக்கத்தில் குடையோடு நின்றார். நானும் அம்மாவும் பின் பக்கத்தில் பலகையில் இருந்தோம். நான் ஆறு வசனத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மனே," என்றா அம்மா. "சும்மா கேக்கன். நான் அதில இரிந்தா எப்பிடி இரிப்பன்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. குனிந்து வாவித் தண்ணீரில் விரலை நனைத்து, காய்ந்த பலகையில் mother's என்று எழுதினேன்.

"இதுதான் நீங்க."

அம்மா அதை உற்றுப் பார்த்தா. "இவ்வளவு நீளமா? மேல கிடக்கிறது என்ன?"

"அது குறிம்மா. மாட்டுக்குச் சுடுற மாதிரி. உங்கட எண்டு காட்டுறதுக்கு."

"அப்ப அத நல்லா அழுத்திப் போடு," என்றா.

நான் மறுபடி விரலை நனைத்து அழுத்திப் போட்டேன். காற்று அடித்து m எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டு வந்தது. கடைசியில் குறி மட்டும் கொஞ்ச நேரம் ஈரமாக இருந்தது. அதுவும் போகும் வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தா.

போட்டி நடந்தது நகரத்தில் ஒரு பெரிய மண்டபத்தில். மேடையில் சில்லுப் பூட்டிய இரண்டு கரும்பலகைகள். கீழே மூன்று நடுவர்கள். நடுவில் இருந்த தலைமை நடுவர் வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மையார். பக்கத்தில் காத்தான்குடியிலிருந்து வந்த ஓர் ஆசிரியர், நாங்கள் சேர் என்போம், வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். மற்றவர் எங்கள் கல்விக் கந்தோர்க்காரர், அலுவலகத்து அதிகாரி. எனக்கு முன்னே எழுதிய பிள்ளைகளெல்லாம் சப்பாத்துப் போட்ட பிள்ளைகள். நான் அப்பாவின் செருப்போடு போயிருந்தேன். மேடைப்படி ஏறும்போது அது படார் படார் என்றது.

வெண்கட்டியை எடுத்தேன். பாடமாக்கியபடி This is my father's house என்று எழுதினேன். குறி சரியான இடத்தில் விழுந்தது. முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அம்மா கழுத்தை நீட்டிப் பலகையைத் தேடிக்கொண்டிருந்தா. எதைத் தேடுறா என்று எனக்குத் தெரியும். அது அங்கே இல்லை என்பதும் தெரியும்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் என்ன யோசித்தேன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் சொல்லைப் பார்த்தேன். முதல் இரண்டு எழுத்துத்தான் இடைஞ்சல். மிச்சமெல்லாம், அந்தக் குறி உட்பட, சரியாகவே இருந்தது. உள்ளங்கையால் f எழுத்தையும் a எழுத்தையும் தேய்த்து அழித்தேன். அந்த இடத்தில் m, o என்று எழுதினேன். இரண்டே எழுத்து. அதற்கா அவ்வளவு நாள் எடுத்தேன்?

கதவடியில் நின்ற ரீச்சர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். பாடமாக்கிய மற்ற ஐந்து வசனமும் மறந்துபோய்விட்டன. ஆகவே இருந்ததை எழுதினேன்.

It isn't my father's house.
He came here with a mammoty.
My father's house is his sister's house now.
My sisters' goats sleep behind our kitchen.
We don't lock the door.

மண்வெட்டிக்கு mammoty என்று கந்தோர்க் கடிதத்தில் போட்டிருந்ததைக் கண்டிருந்தேன், அது உதவியது. எனக்கு இரண்டு அக்காமார், ஆகவே குறி s எழுத்துக்குப் பின்னால். வாசித்து முடித்தேன்.

தலைமை நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அது ஏன் உன் தந்தையின் வீடு இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் ஒரு மாதமாக எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல எங்களிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. இப்போது பார்த்தால் வேண்டிய சொல் எல்லாம் எனக்குப் பின்னால் பலகையிலேயே இருந்தது.

"Madam, it's my mother's. My mother's mother gave. Next year it's my big sister's."

அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. முன்னுக்குச் சாய்ந்தார். அப்படியானால் உன் வீடு எங்கே என்று கேட்டார்.

என் வீடா? அதை நான் யோசித்ததே இல்லை. மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. எங்கள் ஊரில் ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன பதில் உண்டோ அதைச் சொன்னேன்.

"My wife's house isn't built yet, madam."

என் பெண்சாதியின் வீடு இன்னும் கட்டவில்லை. மண்டபம் கூரை தெறிக்கச் சிரித்தது. காத்தான்குடி சேர் மேசையில் அடித்து, போட்டி ஆங்கிலத்தில் என்பதையும் மறந்து, "மெய்தான் மகன்! நானும் என்ட பொஞ்சாதிட வீட்டிலதான் இரிக்கன்!" என்று சத்தமாகச் சொன்னார். அதற்கு இன்னொரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே, அடுத்த பிள்ளைக்குப் பலகையைத் துடைக்க ஒருவர் டஸ்டரோடு மேடைக்கு ஏறினார். முதல் வரியில் கையை வைக்கப் போனார்.

"தம்பி! அத அழிக்காதங்க! அது என்ட வீடு!"

கடைசி வரிசையில் அம்மா எழுந்து நின்றா. ஆங்கிலம் ஓரெழுத்தும் தெரியாத என் அம்மா, அவ்வளவு தூரத்திலிருந்து தன்னைக் கண்டுபிடித்துவிட்டா.

டஸ்டர்காரர் கையை இழுத்துக்கொண்டார். அவ என்ன சொல்கிறா என்று தலைமை நடுவர் கேட்டார். காத்தான்குடி சேர் ஆங்கிலத்தில் சொன்னார். தலைமை நடுவர் அம்மாவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"Of course it's hers," என்றார். "It's written there."

மற்றப் பலகையைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். போட்டி முடியும் வரை எங்கள் வீடு மேடையில் ஒரு பக்கமாக நின்றது.

முதலாம் இடம் எனக்கு. பெயரைக் கூப்பிட்டபோது என் பெயர்தானா என்று இரண்டு தரம் கேட்டேன். படார் படார் என்று செருப்புச் சத்தத்தோடு போய் வாங்கினேன். அன்று கைதட்டியது வேறு ஆட்கள்.

திரும்பி வரும்போது பாதையில் ரீச்சர் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குடையை மடித்து மடியில் வைத்திருந்தார். ரீச்சர் எங்களோடு தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன்.

"ஏன் அக்கா, யாருமே எனக்கு இதைச் சொல்லலை?"

"ஏன் சொல்லல்ல? முப்பது பிள்ளையும் ஒவ்வொண்டா எழும்பிச் சொன்னதாமே," என்றா அம்மா.

ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார். "அப்போ நான் அறை எடுத்துத் தங்கியிருக்கிற வீடு? அது அந்த வீட்டு ஐயாவோடது இல்லையா?"

"அவர் நல்ல மனுசன் புள்ள. ஆனா வீடு அவர்ட பொஞ்சாதிட."

"நான் ஒவ்வொரு நாளும் அவர்கிட்டதான் கேட்டுக் கதவு திறப்பேன்."

"அவரும் உள்ளுக்குப் போய்க் கேட்டுட்டு வந்துதான் சொல்லியிரிப்பார்," என்றா அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். இப்போது கணக்குப் பார்த்தால் ரீச்சருக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். என் மகளுக்கு ஐந்தாறு வயது மூத்த பிள்ளை. தனியாக அவ்வளவு தூரம் வந்து, தெரியாத ஊரில் முப்பது பேருக்கு முன்னால் நின்ற பிள்ளை. அன்று எனக்கு அவர் பெரிய மனிதராகத் தெரிந்தார்.

"ரீச்சர், அந்த முதல் வரி என்டது இல்ல," என்றேன் நான். "அது மச்சாள்ட. அவள் முதலே அப்பிடித்தான் எழுதின. அதுக்காகத்தான் நீங்க அவள எடுக்கல்ல."

ரீச்சர் தலையை ஆட்டினார்.

அடுத்தநாள் காலை வகுப்புக்குள் வந்ததும் கொப்பிகளை வெளியே எடுக்கச் சொன்னார். தமிழில் சொன்னார். "நீங்கள் எல்லாரும் சரியாகத்தான் சொன்னீர்கள். எனக்குத்தான் தெரியவில்லை," என்றார். சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு பின்வாங்கிலிருந்து தொடங்கினார். வெட்டிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குனிந்து ஒரு பெரிய 'சரி' போட்டார். அக்காவின் வீடு என்று சொன்ன பெடியனுக்கு இரண்டு சரி. முப்பது கொப்பியையும் தன் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை, ஒவ்வொரு வாங்காகத் தானே வந்தார்.

கடைசியாக முன்வாங்கில் மச்சாளிடம் வந்தார். மச்சாள் கொப்பியை விரித்துத் தயாராக வைத்திருந்தாள். ரீச்சர் பேனையோடு குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

வெட்டிய அந்த வரிக்குப் பக்கத்தில் ஏற்கனவே ஒரு சரி கிடந்தது. அவளிடம் சிவப்புப் பேனை ஏது? குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, ஈர்க்கினால் போட்டிருந்தாள். அது எப்போதோ காய்ந்து, தாளோடு ஒட்டிப்போயிருந்தது.

"இது எப்போது போட்டாய்?" என்று ரீச்சர் கேட்டார்.

மச்சாள் எழுந்து நின்றாள்.

"நீங்க வெட்டின அண்டைக்கே, ரீச்சர்."